வீட்டு முற்றத்தில் ஒரு டீஸல் மோட்டார் சைக்கிள்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க மண்டபத்தின் வாயிலில் நின்ற என் மோட்டார் சைக்கிளைச் சுற்றி அன்பர்கள் சிலர் கூடிவிட்டனர். "ஐயா, இது மெய்யாகவே டீஸலில்தான் ஓடுகிறதா?" என்பதே எல்லோருடைய கேள்வியும். அவர்களுள் தஞ்சை மாவட்டத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் கேள்வி கேட்கவில்லை. நான் வண்டியைக் கிளப்பியதும் கண்களை மூடிச் சற்றுக் கேட்டுவிட்டு, "எங்கள் ஊர் வயலில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் அல்லவா இங்கே நாகபுரிக்கு வந்து நிற்கிறது!" என்றார். எல்லோரும் நகைத்தனர். ஆனால் அவர் கூறியது வேடிக்கைக்காகச் சொன்ன வார்த்தையாயினும் முற்றிலும் உண்மையே. அதை விளக்கி எழுதும்படி பத்திரிகைக் குழுவினர் அன்புடன் பணித்தார்கள். எஞ்சினியரிங் படித்தவன் அல்லன் நான். முப்பது ஆண்டுகளாக ஒரே இயந்திரத்தோடு ஒரே முற்றத்தில் பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வண்டியின் வரலாறு

1955-ஆம் ஆண்டில் சென்னையில் 'என்ஃபீல்டு இந்தியா' என்னும் கம்பெனி தோன்றியதும், திருவொற்றியூரிலே அதன் தொழிற்சாலை எழுந்ததும், அங்கே 'புல்லட்' மோட்டார் சைக்கிள்கள் உற்பத்தியானதும் அன்பர்கள் அறிந்ததே. அந்தத் தொழிற்சாலை பிற்காலத்தில் 'டாரஸ்' என்னும் பெயரால் ஒரு டீஸல் வண்டியையும் விற்றது. வண்டியின் உடல் புல்லட்டினுடையது. எஞ்சினோ 'லம்பார்தினி' என்னும் இத்தாலிய நிறுவனத்தின் அமைப்பைத் தழுவி நம் நாட்டில் 'கிரீவ்ஸ்' கம்பெனி தயாரித்தது. அவ்வகைச் சிறு எஞ்சின்களே தண்ணீர் இறைக்கவும், உழவுக் கருவிகளை இயக்கவும் பயன்பட்டன. தஞ்சைப் பெரியவரின் செவி அவரை ஏமாற்றவில்லை என்பது இப்போது விளங்கும்.

எஞ்சினின் கொள்ளளவு 325 கன சென்டிமீட்டர். அதன் சக்தி 6.5 குதிரைத் திறன். ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள பெட்ரோல் புல்லட்டின் சக்தி 18 குதிரைத் திறன் என்பதை நினைத்தால் இதன் நடை எத்தகையதென ஊகிக்கலாம். முழு வேகத்தில் விரட்டினாலும் மணிக்கு 65 கிலோமீட்டரை ஒட்டியே போகும். எடையோ 200 கிலோவை நெருங்கும். ஆயினும் ஒரு லிட்டர் எண்ணெயை ஊற்றினால் எங்கள் வண்டி 70 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடியது. நாகபுரியிலிருந்து வார்தாவுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டரோடு போய்விடலாம்! உலகில் தொழிற்சாலையிலிருந்து பெருவாரியாக வெளிவந்து பொதுமக்களுக்கு விற்ற டீஸல் மோட்டார் சைக்கிள்கள் மிகச் சிலவே. அவற்றுள் முன் நிற்பது நம் திருவொற்றியூர் வண்டிதான். 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபின் அதன் உற்பத்தி நின்றது.

ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு நாகபுரிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட என் தந்தையார் 1996-இல் இவ்வண்டியை வாங்கினார். அக்காலத்தில் டீஸலின் விலை பெட்ரோலின் விலையில் பாதிகூட இல்லை. மாதச் சம்பளத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பி, மூன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் கட்டிய ஒரு குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் சிறியதன்று. "நாலு பேர் வேகமாகப் போகட்டும், நாம் மாதக் கடைசி வரை போவோம்" என்பார் அவர்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை மின்சாரப் பொறியொன்று பற்றவைக்கிறது. டீஸல் எஞ்சினில் பொறியும் இல்லை. கலவை செய்யும் கார்புரேட்டரும் இல்லை. சிலிண்டருக்குள் புகுந்த வெறும் காற்றைப் பிஸ்டன் மேலெழுந்து பதினாறு முதல் இருபது மடங்கு வரை இறுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை நாம் யாவரும் உணர்ந்திருக்கிறோம். அதே தத்துவம்தான். இவ்வாறு இறுகிய காற்றின் வெப்பம் 500 பாகை சென்டிகிரேடையும் தாண்டும். அத்தருணத்தில் 'நாசில்' என்னும் நுண்துளைக் குழாயின் வழியே டீஸல் பனித்துளிபோலச் சிதறிப் பாய்ந்து தானே பற்றிக்கொள்கிறது. இந்த எண்ணத்துக்கு 1893-இல் உரிமைப் பட்டயம் பெற்று, ஆக்ஸ்பர்க் நகரத்தில் பாடுபட்டு, 1897-இல் செம்மையாக ஓடும் எஞ்சினை உலகுக்குக் காட்டியவர் ருடால்ஃப் டீஸல் என்னும் ஜெர்மானியர். எண்ணெயின் பெயர் உண்மையில் அவருடைய பெயரே.

இந்தத் தத்துவத்தை மனத்திற் பதித்துக்கொண்டால் பழுதுபார்ப்பில் பாதி வேலை முடிந்தது எனலாம். வண்டி கிளம்பவில்லை என்றால் காரணம் இரண்டே. ஒன்று, காற்று இறுகவில்லை. அல்லது எண்ணெய் உரிய நேரத்தில், உரிய அளவில், உரிய சிதறலாகப் பாயவில்லை. இவ்விரண்டில் எது என்று தேர்ந்துகொள்ளாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பவர், நோயறியாமல் மருந்து கொடுக்கும் வைத்தியரைப் போன்றவர்.

வீட்டில் செய்யத் தக்கவை

முதலாவது, எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. தொட்டி வறண்டாலும், வடிகட்டியை மாற்றினாலும் குழாயில் காற்றுக் குமிழிகள் தங்கிவிடும். எண்ணெயை இறுக்க முடியாது, காற்றை இறுக்கலாம். ஆகவே பம்ப் தள்ளும் விசையெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே வீணாகிவிட, நாசில் திறப்பதில்லை. இதற்குப் பரிகாரம் எளிது. பம்புக்கு எண்ணெய் வரும் இணைப்பின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, குமிழியற்ற எண்ணெய் வழியும்வரை காத்திருந்து இறுக்க வேண்டும். பின்னர் நாசிலை நோக்கிச் செல்லும் இணைப்பையும் அவ்வாறே தளர்த்தி, 'டிகம்பிரஷன்' விசையைத் தூக்கிக்கொண்டு கிக்கரை மெதுவாகப் பலமுறை மிதித்து, அங்கும் எண்ணெய் நிறைந்தபின் இறுக்க வேண்டும். பொறுமை இருந்தால் கால் மணி நேர வேலை. பொறுமை இல்லாதவர்கள் வண்டியைத் தெருவெல்லாம் தள்ளி வியர்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, புகையைப் படிப்பது. கரும்புகை வந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது காற்றுப் போதவில்லை. காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். வெண்புகை வந்தால் எண்ணெய் எரியாமலே வெளியேறுகிறது. நாகபுரியின் மார்கழிக் குளிரில் முதல் சில நிமிஷங்கள் அது இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் நிற்கவில்லையாயின் பாயும் நேரம் தவறியிருக்கலாம். அல்லது காற்றின் இறுக்கம் குறைந்திருக்கலாம். நீலப்புகை வந்தால் எரிவது டீஸலன்று, மசகெண்ணெய். பிஸ்டன் வளையங்களோ வால்வின் வழிகாட்டியோ தேய்ந்துவிட்டன என்று பொருள்.

மூன்றாவது, வால்வுகளின் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்குச் சரிசெய்வது, மசகெண்ணெயை மாற்றுவது, சங்கிலியை அளவாக இறுக்குவது, அதிர்வினால் தளரும் நட்டுகளை வாரந்தோறும் தொட்டுப் பார்ப்பது. ஒற்றைச் சிலிண்டர் டீஸல் எஞ்சின் அதிர்வதைப்போல் வேறெதுவும் அதிர்வதில்லை. நம்பர் பலகை தானே கழன்று விழுந்து, வழிப்போக்கர் எடுத்துக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

நான்காவதாக ஒரு புதிய விஷயம். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைக்கும் டீஸலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருத்தலாகாது. மக்களின் சுவாசத்துக்கு இது பெரும் நன்மை. ஆனால் பழைய எண்ணெயில் ஆண்டுக்கணக்காக ஊறிய ரப்பர் வளையங்கள், எண்ணெயின் தன்மை மாறும்போது சுருங்கிக் கசியக்கூடும். பழைய எஞ்சினில் புதிதாகக் கசிவு தோன்றினால், நட்டை மேலும் மேலும் இறுக்கி மரையைக் கெடுத்துக்கொள்ளாமல் வளையத்தையே மாற்றிவிடுவது நன்று. அதற்குச் செலவாவது சில ரூபாய்களே.

வீட்டில் செய்யத் தகாதவை

பம்பையும் நாசிலையும் முற்றத்தில் திறக்கவே கூடாது. பம்பின் உள்ளே இயங்கும் தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கி, அதில் இரண்டு மூன்று பங்கு எடுத்தால் எவ்வளவோ அவ்வளவே. நம் விரலில் ஒட்டிய தூசு ஒன்றே அதைக் கீறப் போதும். பல ஊர்களில் 'பம்ப்–நாசில்' வேலைக்கென்றே தனிக் கடைகள் உண்டு. அவர்களிடம் சோதனைக் கருவி இருக்கும். அதை அவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

நாசிலைக் கழற்றி வெளியே வைத்துக் கிக்கரை மிதித்து, எண்ணெய் பீறிடுவதை வேடிக்கை பார்க்கும் வழக்கம் இளைஞரிடையே உண்டு. இது பெரும் அபாயம். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ அழுத்தத்தில் சீறும் அந்த நுண்ணிய தாரை தோலை ஊடுருவிச் சதைக்குள் எண்ணெயைச் செலுத்திவிடும். காயம் ஊசி குத்தியதுபோலச் சிறிதாகத்தான் தெரியும். வலியும் முதலில் அதிகமிராது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரும். அதுபோலவே, மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடலாகாது. டீஸல் புகை புற்றுநோயை விளைவிப்பது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் அறிவித்திருக்கிறது. முற்றமாயினும் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டே நான் வண்டியைக் கிளப்புவது.

மணை காத்த கதை

இவ்வளவு எச்சரிக்கை கூறும் எனக்கு இந்த ஞானம் புத்தகத்தால் வந்ததன்று. 1999-ஆம் ஆண்டில் எனக்கு இருபத்துமூன்று வயது. தந்தையார் அலுவலகத்துக்குச் சென்றிருந்த ஒரு காலைப் பொழுதில், வண்டியின் வேகத்தைக் கூட்டிவிட வேண்டுமென்ற ஆசை என்னைப் பற்றிக்கொண்டது. எஞ்சினின் வேகம் எல்லை மீறாமல் காப்பது 'கவர்னர்' என்னும் உறுப்பு. வேகம் ஏற ஏற அது பம்பின் பற்சட்டத்தை நகர்த்தி எண்ணெயைக் குறைக்கும். அதையும் பம்பையும் சற்றுத் திருத்தினால் போதும் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் பம்பைக் கழற்றினேன், ஏதோ செய்தேன், மீண்டும் பூட்டினேன். பூட்டுகையில் பற்சட்டத்தின் முளை கவர்னர் நெம்புகோலின் பிளவில் அமர வேண்டும். அது அமரவில்லை, அருகே ஒதுங்கி நின்றுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும்.

மாலையில் தந்தையார் வந்து வாயிற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரை வியக்கவைக்க எண்ணி நான் கிக்கரை உதைத்தேன். எஞ்சின் ஒரே உதையில் கிளம்பியது, கிளம்பியதும் ஓலமிட்டது. கைப்பிடியைத் திருப்பினேன், குறையவில்லை. நிறுத்தும் விசையை இழுத்தேன், பயனில்லை. சாவியைத் திருப்பி அணைக்க இது பெட்ரோல் வண்டியன்று. அணைப்பதற்குத் தீப்பொறியே கிடையாது. டிகம்பிரஷன் விசையின் கம்பியையோ நான் இன்னும் மாட்டியிருக்கவில்லை. கறுத்த புகை முற்றத்தை மூடியது. தாங்கியின் மேல் நின்ற வண்டி அதிர்ந்து அதிர்ந்து துளசி மாடத்தை நோக்கி நகரத் தொடங்கியது. என் தங்கை அலறினாள். நான் செய்வதறியாது நின்றேன்.

தந்தையார் ஓடவில்லை, வேகமாக நடந்தார் என்றே சொல்ல வேண்டும். சமையலறைக்குள் சென்று என் அன்னையார் உட்காரும் மணையை எடுத்து வந்தார். காற்று வடிகட்டியை நான் கழற்றி வைத்திருந்ததால் காற்றுப் புகும் வாய் திறந்தே இருந்தது. அதன்மேல் மணையின் தட்டையான பக்கத்தை வைத்து இரு கைகளாலும் அழுத்தினார். எஞ்சின் இரண்டு முறை திணறியது. பெருமூச்சொன்று விட்டு நின்றது. எண்ணெய் எவ்வளவு பாய்ந்தாலும் காற்றில்லாமல் எரிய முடியாதல்லவா? துணியை வைத்து அடைத்திருந்தால் எஞ்சின் அதை உள்ளே இழுத்திருக்கும். வெறும் கையை வைத்திருந்தால் கைக்கும் தீங்கு நேர்ந்திருக்கும். இன்னும் ஒரு நிமிஷம் ஓடியிருப்பின் எஞ்சின் சிதறியிருக்கலாம். அருகில் நின்றவள் என் தங்கை.

அவர் என்னை அடிக்கவில்லை, உரத்துப் பேசவுமில்லை. மணையைக் கழுவி அன்னையாரிடம் கொடுத்துவிட்டு வந்து, "இயந்திரத்தைத் திறக்க எல்லோருக்கும் கை இருக்கிறது. மூடுவதற்குத்தான் கவனம் வேண்டும். நாளைக்கு நீயே திறந்து எனக்குக் காட்டு" என்றார். மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு என்னருகே உட்கார்ந்தார். வளைந்திருந்த தள்ளுதண்டு ஒன்றை மாற்றினோம். முளை பிளவில் அமர்வதை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பம்பின் அடியில் இருந்த மெல்லிய தகடுகளை எண்ணச் சொன்னார். நான் எடுத்தெறிந்த ஒரு தகட்டைக் குப்பையிலிருந்து தேடி எடுத்தோம். எண்ணெய் பாயும் நேரத்தை நிர்ணயிப்பது அந்தத் தகடுகளின் கனமே என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். என் படிப்பு அன்று தொடங்கியது.

மகனின் விருப்பம்

தந்தையார் 2011-இல் காலமானார். வண்டி என்னிடம் வந்தது. இப்போது என் மகனுக்கு வயது இருபத்தொன்று. சென்ற ஆண்டு ஒரு நாள் அவன், "அப்பா, இதை நான் ஓட்ட வேண்டுமானால் குறைந்தது 80 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். மூன்று வழிகள் இருக்கின்றன" என்று ஒரு காகிதத்தை நீட்டினான். என் கண்ணெதிரே 1999-ஆம் ஆண்டு மீண்டும் வந்து நின்றது. 'கூடாது' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் தந்தையார் எனக்கு அவ்வாறு சொல்லவில்லை. ஆகவே நாங்கள் இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வழியையும் கணக்கிட்டோம்.

முதல் வழி, பெரிய பல்சக்கரம். 17 பற்கள் உள்ள சக்கரத்துக்குப் பதிலாக 18 பற்கள் உள்ளதைப் பூட்டினால் எஞ்சினின் அதே சுழற்சிக்கு வண்டி ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்கு கூடுதலாக ஓடும். ஆனால் இழுக்கும் வலு அதே அளவு குறையும். காற்றைப் பிளந்து செல்வதற்கு வேண்டிய சக்தியோ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவது. 65-லிருந்து 80-க்குப் போக, காற்றை எதிர்க்க மட்டுமே ஏறக்குறைய 1.9 மடங்கு சக்தி தேவை. 6.5 குதிரைகளே உள்ள லாயத்தில் அதற்கு வழியேது? சக்கரத்தை மாற்றினால் சமதரையில் அதிர்வு சிறிது குறையலாம். எதிர்க்காற்றிலும் மேட்டிலும் மேல் கியர் நிற்காது.

இரண்டாவது வழி, எண்ணெயின் அளவைக் கூட்டுவது. சிலிண்டர் ஒரு முறையில் உறிஞ்சும் காற்று இவ்வளவே என்று அளவுபட்டது. அந்தக் காற்றுக்கு மேற்பட்ட எண்ணெய் எரியாது, கரியாகவே வெளியேறும். எஞ்சின் கொதிக்கும்; மசகெண்ணெய் கெடும்; அண்டை வீட்டார் இருமுவர். இதைக் கூறியபோது மகன் தானே அந்த வரியை அடித்துவிட்டான்.

மூன்றாவது வழி, வேறொரு பெரிய எஞ்சினைப் பூட்டுவது. வட இந்தியக் கிராமங்களில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஓட்டுவோர் உண்டு. சௌராஷ்டிரத்தில் புல்லட்டின் முன்பாகத்தையும் டீஸல் எஞ்சினையும் சேர்த்து அமைத்த 'சக்டா' என்னும் மூன்று சக்கர வண்டிகள் நெடுங்காலம் மக்களையும் மூட்டைகளையும் சுமந்தன. அந்தக் கைவினைஞர்களின் திறமையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் சட்டம் வேறு விஷயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களினின்றும் மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே இனத்து எஞ்சினை மாற்றுவதாயினும் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி மாற்றிய வண்டியால் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் வருமென்று நம்பியிருக்க இயலாது. வெளி மாநிலத்தில் வாழும் நம்போன்றோர் காகிதங்களைச் செம்மையாக வைத்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவும் ஒருபுறமிருக்க, இந்தப் பழைய வண்டியின் பிரேக்குகள் 80-இல் என்ன செய்யும் என்று கேட்டேன். மகன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவன் முகம் வாடியதை நான் மறைக்க விரும்பவில்லை.

செய்த மாற்றங்கள்

ஆயினும், மாற்றமே கூடாது என்று நான் கூறமாட்டேன். அந்த மழைக்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே தண்ணீரைப் பிரித்துக் காட்டும் கண்ணாடிக் கிண்ண வடிகட்டி ஒன்றைப் பொருத்தினோம். மழைநாளில் டீஸலில் தண்ணீர் கலப்பது பம்புக்கு எமன். தொட்டியின் கீழும், விளக்கின் கீழும், பாட்டரிப் பெட்டியின் கீழும் கனத்த ரப்பர் துண்டுகளை வைத்தோம். சாதாரண நட்டுகளுக்குப் பதில் தளராத பூட்டு நட்டுகளைப் போட்டோம். கசிந்த ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். பிரேக்குப் பட்டைகளைப் புதுப்பித்தோம். இருக்கையின் பஞ்சை அதிர்வு தாங்கும்படி மாற்றினோம். நாசிலை மட்டும் கடைக்கு எடுத்துச் சென்றோம். அங்கே மராத்தியரான முதிய மிஸ்திரி ஒருவர் இருக்கிறார். என் தந்தையார் காலத்திலிருந்தே பழக்கம். மகன் அவரை 'காகா' என்று அழைத்து அருகே அமர்ந்துகொண்டான். சோதனைக் கருவியில் நாசிலைப் பூட்டி நெம்புகோலை அழுத்தியபோது, பழைய நாசில் நூல்போல ஒழுகியதையும், புதியது புகைபோலச் சிதறியதையும் அவர் அவனுக்குக் காட்டினார். வேகம் ஒரு கிலோமீட்டரும் கூடவில்லை. ஆனால் கரும்புகை நின்றது. கை மரத்துப்போகாமல் வார்தா வரை போய்வர முடிகிறது.

இவற்றுள் எதுவும் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஒரு வரியையும் பொய்யாக்கவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பழுதுபார்ப்பவன் இயந்திரத்தை அமைத்தவனுடைய கணக்குக்கு அதைத் திருப்பிக் கொண்டுவருகிறான். மாற்றுபவனோ அந்தக் கணக்கைத் தான் திருத்துகிறான். திருத்தும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் முதலில் பழைய கணக்கைப் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டவருக்கே அது உண்டு. 1999-இல் நான் அதைப் புரிந்துகொள்ளாமல் பம்பின்மேல் கைவைத்தேன்.

எதிர்வரும் நாள்

பதினைந்து ஆண்டுகள் கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு 2011, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் புதுப்பித்தோம். அடுத்த தவணை 2026. தலைநகர் வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீஸல் வண்டிகள் ஓடலாகாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதன்பின்னும் அவ்விஷயம் நீதிமன்றத்துக்குச் சென்றிருப்பதால், தில்லியில் வாழும் அன்பர்கள் பழைய டீஸல் வண்டி எதையும் வாங்குவதற்கு முன் நடப்பு விதியைக் கேட்டறிந்துகொள்வது அவசியம். எங்கள் ஊருக்கும் அத்தகைய நாள் வரக்கூடும். அவ்வாறு வந்தால் மனக்கசப்பின்றி வண்டியை நிறுத்திவிடுவதென்று நானும் மகனும் பேசி முடிவு செய்திருக்கிறோம். தாத்தாவின் நினைவு பெரிதுதான்; தெருவில் விளையாடும் குழந்தைகளின் மூச்சு அதனினும் பெரிது.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, குழாயின் காற்றை மகனே வெளியேற்றினான். குமிழி நின்றதை இருமுறை பார்த்தான். டிகம்பிரஷன் விசையின் கம்பி மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். பிறகு, நான் சொல்லாமலே, உள்ளே சென்று பாட்டியின் பழைய மணையை எடுத்து வந்து வண்டியின் அருகே சுவரோரம் சாய்த்து வைத்தான். அக்கதையை அவன் பாட்டியிடம் பலமுறை கேட்டிருக்கிறான். இரண்டாவது உதையில் எஞ்சின் கிளம்பி, வயற்காட்டு எஞ்சின்போல நிதானமாகத் தாளமிட்டது. உள்ளிருந்து என் அன்னையார், "மணையை மறக்காமல் உள்ளே கொண்டு வை, ராத்திரி சப்பாத்தி இட வேண்டும்" என்று குரல் கொடுத்தார்.

வரும் பொங்கல் விழாவுக்கு வண்டியை ஓட்டி வரப்போகிறவன் அவன்தான். அதை எவ்வாறு கிளப்புவது என்று கேட்கும் இளைஞர்களுக்கு அவனே விளக்குவான். விருப்பமுள்ள அன்பர்கள் அவனை அணுகலாம்.